பணம் மாநிலத்துடையது, பட்டியல் ஊருடையது: கொரோனா கால நிவாரணத்தில் வேலூர்

2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. அன்றிரவே நாடு தழுவிய ஊரடங்கும் அறிவிக்கப்பட்டது. அந்த நாளில் வேலூர் மாவட்டத்தில் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த உள்ளாட்சி உறுப்பினர் ஒருவர்கூடப் பதவியில் இல்லை. மாநகராட்சி மன்றத்தின் காலம் 2016லேயே முடிந்துவிட்டது. 60 வார்டுகளையும் தனி அலுவலர் பொறுப்பில் அதிகாரிகளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிராமங்களின் நிலையும் அதுதான். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊராட்சித் தேர்தல் நடந்தபோது, மாவட்டப் பிரிப்பால் எல்லை மாறிய 9 மாவட்டங்களில் தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. பழைய வேலூர் மாவட்டத்திலிருந்து அந்த நவம்பரில்தான் பிரிந்திருந்த வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் அந்த 9க்குள் அடங்கும். இங்கே ஊராட்சித் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். மாநகராட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19இல். முதல் அலை, இரண்டாம் அலை இரண்டும் இந்த இடைவெளியில் வந்து போயின.

வேலூரை ஆராய வேண்டிய காரணம் இதுதான். நிவாரணப் பணத்தில் பெரும்பகுதி மாநில அரசும் ஒன்றிய அரசும் கொடுத்தவை. உள்ளாட்சியின் பங்கு வேறு: யாருக்குத் தேவை என்று அறிவது, அவர் சொல்வது உண்மைதானா என்று விசாரிப்பது, கையெழுத்திட்டு முத்திரை வைப்பது. இந்த மூன்றும் நன்றாக நடந்த இடத்தில் பணம் சரியான கைக்குப் போனது. நடக்காத இடத்தில், பக்கத்து வீட்டுக்கு வந்த பணம் இந்த வீட்டுக்கு வரவில்லை.

ரேஷன் கடை வழி

2020 ஏப்ரலில் அரிசி அட்டை ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாய் ரொக்கம் கிடைத்தது. அந்த மாத அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றுக்கும் விலை இல்லை. 2021இல் அட்டைக்கு 4,000 ரூபாய்; மே மாதம் 2,000, ஜூனில் 2,000, கூடவே 14 மளிகைப் பொருட்கள் கொண்ட தொகுப்பு. இரண்டு ஆண்டுகளிலும் நிவாரணங்களில் மிக வேகமாகவும் மிகக் குறைந்த குழப்பத்தோடும் மக்களைச் சேர்ந்தது இதுதான். காரணம், கடைக்காரருக்கு அந்த வேலை புதிதில்லை. 2020 ஜனவரியில்தான் பொங்கல் பரிசாக அதே அட்டைகளுக்கு அதே 1,000 ரூபாயை டோக்கன் போட்டுக் கொடுத்து முடித்திருந்தார்கள். தெருவாரியாக டோக்கன் எழுதுவது, வரிசை நிறுத்துவது, சங்கத்துக்கு மாலையில் கணக்கு ஒப்படைப்பது எல்லாம் கைப்பழக்கத்தில் இருந்தன.

ஆனாலும் அளவைப் பார்க்க வேண்டும். 1,000 அட்டை உள்ள ஒரு கடைக்கு 2021 மே மாதத் தவணை 20 லட்சம் ரூபாய். நாளுக்கு 200 டோக்கன் என்றால் ஐந்து நாள் வேலை. ஒவ்வொரு நாளும் 4 லட்சம், 500 ரூபாய்த் தாளாக 800 தாள். விற்பனையாளர் ஒருவர், எடை போடுபவர் ஒருவர், பூட்டுப் போட்ட மேசை அறை ஒன்று. பணத்தை எண்ணிக்கொண்டே அரிசியையும் அளந்தால் இரண்டிலும் பிழை வரும். பணம் கொடுக்கும் நாளையும் பொருள் கொடுக்கும் நாளையும் பிரித்துவைத்த கடைகளில் மாலைக் கணக்கு சுலபமாக நேராகும். ஒரே நாளில் இரண்டையும் முடிக்கப் பார்த்தால் துண்டு விழும். அது விற்பனையாளரின் சம்பளத்தில்தான் போய் நிற்கும்.

இன்னொரு சிக்கல் கைரேகை. தொற்றுப் பயத்தில் விரல் வைப்பதை நிறுத்தி, அட்டையை ஸ்கேன் செய்து பில் போட்டார்கள். அது சரியான முடிவு. ஆனால் அதன்பின் அட்டைதாரருக்குப் பாதுகாப்பு என்று மிஞ்சுவது கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தி மட்டும். அட்டையில் பதிந்த எண் பழையதாக இருந்தால், தன் பெயரில் பில் விழுந்ததே வீட்டுக்குத் தெரியாது. இதற்குத் தொழில்நுட்பத் தீர்வு எதுவும் தேவையில்லை. டோக்கன் கொடுக்க வீட்டுக்குப் போகும்போதே அட்டையில் உள்ள எண்ணைப் படித்துக்காட்டி, ஓடுகிற எண்தானா என்று கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். வீட்டுக்கு இரண்டு நிமிடம் ஆகும்.

இனி விடுபட்டவர்கள். சர்க்கரை அட்டைக்கும் எந்தப் பொருளும் வாங்காத அட்டைக்கும் ரொக்கம் இல்லை என்பது விதி. அட்டை வாங்கிய நாளில் வசதியாக இருந்து சர்க்கரை அட்டை எடுத்த குடும்பம், ஊரடங்கில் கடை மூடியதும் திண்டாடிய நிலையிலும் அந்த விதிக்கு வெளியேதான் நின்றது. புதிதாகக் கல்யாணமாகி, பெற்றோர் அட்டையிலிருந்து பெயரை நீக்கிவிட்டு, புது அட்டைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த தம்பதிகளுக்கு இரண்டு பக்கமும் இல்லை. வெளியூர் அட்டையோடு வாடகைக்குக் குடிவந்தவர்களுக்கு 2020 ஏப்ரலில் இங்குள்ள எந்தக் கடையிலும் உரிமை இல்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கியது அந்த ஆண்டு அக்டோபரில். கவுன்சிலர் இருந்தால், இப்படிப்பட்ட இருபது முப்பது வீடுகளின் பெயரைத் தாளில் எழுதி வட்ட வழங்கல் அலுவலகத்தில் போய் உட்கார்ந்திருப்பார். அவர் தலைசிறந்த மனிதராக இருக்க வேண்டியதில்லை. அடுத்த தேர்தலில் அந்தத் தெருவில் நடக்க வேண்டியவர் என்பதே போதும்.

தகரம் வைத்து அடைத்த தெருக்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். தொற்று கண்டறியப்பட்டதும் தெரு முனையை அடைப்பார்கள். ஊரெல்லாம் கடை திறக்க அனுமதி வந்த பிறகும் அந்தத் தெருவுக்குள் இருக்கும் பெட்டிக்கடை, டெய்லர் கடை, மாவு அரைக்கும் மில் திறக்க முடியாது. பால், காய்கறி உள்ளே போகும்படி பார்த்துக்கொண்டார்கள். போன வருமானத்துக்கு எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை. அடைப்புக்கு நாள் குறிக்கும் அதிகாரி, அந்தத் தெருவில் பூட்டப்பட்ட கடைகளின் பெயரையும் அதே கோப்பில் எழுதிவைத்திருந்தால், பின்னால் கடனுக்கும் வாடகைச் சலுகைக்கும் அது ஒன்றே போதுமான சான்றாக இருந்திருக்கும்.

நல வாரியப் பட்டியல்

கட்டுமானத் தொழிலாளர், ஆட்டோ ஓட்டுநர், நெசவாளர் எனப் பதிவு பெற்றவர்களுக்கு வாரியம் வழியாகத் தனியே உதவித்தொகை போனது. கேள்வி, யார் பதிவில் இருந்தார்கள் என்பது. அமைப்புசாராத் தொழிலாளர் பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கல்யாண உதவியோ படிப்பு உதவியோ வாங்கிய பிறகு புதுப்பிக்காமல் விட்டவர்கள் ஏராளம். புதுப்பித்திருந்தாலும் வங்கிக் கணக்கு சிக்கல். 2020 ஏப்ரல் 1 முதல் சில பொதுத்துறை வங்கிகள் வேறு வங்கிகளோடு இணைந்தன. கிளைக் குறியீடுகள் பிறகு மாறின. பல மாதங்கள் பணம் போடாத, எடுக்காத கணக்கு முடங்கிக் கிடக்கும். அனுப்பிய பணம் திரும்பிவிடும். திரும்பியது என்று தொழிலாளிக்குச் சொல்ல ஆள் இல்லை.

குடியாத்தம் கைத்தறி லுங்கி நெய்யும் வீடுகளுக்கு நெசவாளர் வாரியம் இருந்தது. குடியாத்தம், பேரணாம்பட்டு பகுதியில் வீட்டிலேயே பீடி சுற்றும் பெண்களின் கதை கடினம். இலையும் தூளும் நிறுவனத்திலிருந்து வந்தால்தான் வேலை. சுற்றிய எண்ணிக்கைக்குத்தான் கூலி. வண்டி நின்றதும் இலை நின்றது. நிறுவனம் தரும் பாஸ்புத்தகம் இல்லாமல் இடைத்தரகர் வழியாகச் சுற்றும் பெண், எந்த ஏட்டிலும் தொழிலாளி இல்லை.

இந்தப் பகுதியில் பின்பற்றத்தக்க ஒரு முன்மாதிரி உண்டு. முடிதிருத்தும் தொழிலாளர்களுக்கு 2,000 ரூபாய் அறிவித்தபோது, வாரியத்தில் பதியாதவர்களும் மனு கொடுக்கலாம் என்று அரசு வழி திறந்தது. கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலர், நகரத்தில் உள்ளாட்சி அலுவலர் விசாரித்துப் பரிந்துரைத்தால் போதும். சவரக்கடை எது, அதில் நாற்காலி யாருடையது என்பது தெருவுக்கே தெரியும். விசாரணை ஒரு மணி நேர வேலை. பட்டியலில் இல்லாதவரை உள்ளூர் விசாரணை வழியாகச் சேர்ப்பது முடியாத காரியம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. அதே வாசலைப் பீடித் தொழிலாளிக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் அந்த வாரத்திலேயே திறந்திருக்க வேண்டும்.

தள்ளுவண்டியும் 10,000 ரூபாயும்

தெருவோர வியாபாரியின் முதல் என்பது அன்றைய கொள்முதல்தான். மண்டியில் 2,000 ரூபாய்க்குக் காய் எடுத்து, மாலைக்குள் விற்று, வீட்டுச் செலவு போக மறுநாள் காலை மறுபடியும் அதே 2,000 கையில் இருக்க வேண்டும். பத்து நாள் வண்டி நின்றால் அந்த 2,000 சோறாகிவிடும். ஊரடங்கு தளர்ந்தபோது வண்டி இருந்தது, இடம் இருந்தது, வாங்க ஆள் இருந்தது. மண்டிக்குக் கொண்டுபோகப் பணம் இல்லை. உடனே கிடைப்பது தண்டல்: 10,000 என்று எழுதி 8,500 அல்லது 9,000 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூல்.

2020 ஜூன் 1இல் தெருவோர வியாபாரிகளுக்காக வந்த ஒன்றிய அரசின் பிஎம் ஸ்வநிதி கடன் திட்டம் இந்த இடத்துக்கு மிகச் சரியாகப் பொருந்தியது. அன்று முதல் கடன் 10,000 ரூபாய், அடமானம் இல்லை, 12 மாதத் தவணை. வட்டி வங்கிக்கு வங்கி மாறியது. மாதத் தவணை ஏறத்தாழ 880 முதல் 890 வந்தது. தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் ஏறியது. கியூஆர் வழியாகப் பணம் வாங்கினால் மாதம் 100 ரூபாய் வரை ஊக்கத்தொகை இருந்தது. முதல் கடனை அடைத்தால் 20,000, பிறகு 50,000 என்பது அன்றைய வரிசை. தண்டலோடு ஒப்பிட்டால் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் மிச்சம்.

அன்றைய தகுதி ஒன்றுதான்: 2020 மார்ச் 24 அன்றோ அதற்கு முன்போ நகரத்தில் வியாபாரம் செய்திருக்க வேண்டும். அதை நிரூபிப்பதில்தான் உள்ளாட்சி வருகிறது. வழிகாட்டு நெறிகள் வியாபாரிகளை நான்காகப் பிரித்தன. கணக்கெடுப்பில் இடம்பெற்று அடையாள அட்டையோ சான்றோ வைத்திருப்பவர் முதல் வகை. கணக்கெடுப்பில் பெயர் இருந்தும் அட்டை வராதவர் இரண்டாம் வகை. இவருக்குத் தற்காலிகச் சான்று தரலாம். கணக்கெடுப்பில் விடுபட்டவர் மூன்றாம் வகை. சுற்றுப்புறக் கிராமத்திலிருந்து வந்து நகரத்தில் விற்பவர் நான்காம் வகை. கடைசி இரண்டு வகைக்கும் உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். வியாபாரிகள் சங்க உறுப்பினர் அட்டை, நடைபாதை வியாபாரி என்ற பெயரில் ஊரடங்கு உதவித்தொகை ஏறிய பாஸ்புக் பக்கம், அல்லது வியாபாரம் செய்வதைக் காட்டும் வேறு ஆவணம் இருந்தால் கடிதம் கேட்கலாம். எதுவும் இல்லாவிட்டால் வெள்ளைத் தாளில் மனு எழுதிக் கொடுத்து, இடத்தில் வந்து விசாரிக்கச் சொல்லலாம்.

வேலூரில் நான்காம் வகை சின்ன வகை அல்ல. அணைக்கட்டு, கணியம்பாடி பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் கீரைக்கட்டோடும் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க் கூடையோடும் பஸ் ஏறி வரும் பெண்கள் நேதாஜி மார்க்கெட் சுற்றுவட்டாரத்தில் உட்கார்ந்து விற்றுவிட்டு மதியம் திரும்புகிறார்கள். ஆதார் முகவரி கிராமத்தில். ஊராட்சியில் கேட்டால், விற்பது டவுனில் என்பார்கள். நகரத்தில் கேட்டால், நீ எங்கள் ஊர் இல்லை என்பார்கள். நெறிமுறை தெளிவாக இருக்கிறது: எந்த நகரத்தில் விற்கிறாரோ அந்த நகர அமைப்புதான் கடிதம் தர வேண்டும். இந்த ஒரு வரி தெரியாததால் திரும்பிப்போன மனுக்கள் அந்தப் பெண்களைத் தண்டல்காரரிடம்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

விண்ணப்பம் சிக்கும் இடங்களை வரிசையாகச் சொல்லலாம். முதலில் ஓடிபி. ஆதாரோடு இணைத்த கைபேசி எண் இருந்தால்தான் விண்ணப்பம் நகரும். பலருடைய எண் மாறியிருக்கும், அல்லது மகனின் எண்ணாக இருக்கும். எண்ணை மாற்ற ஆதார் மையம் போக வேண்டும். ஊரடங்கில் மையங்களே மூடியிருந்தன. இரண்டாவது, பெயர். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பாஸ்புக்கில் வெறும் இனிஷியல், பரிந்துரைக் கடிதத்தில் ஊரார் கூப்பிடும் பெயர். கடிதம் எழுதும் பணியாளர் ஆதாரைக் கையில் வைத்து எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதினால் வங்கியில் ஒரு சுற்று அலைச்சல் குறையும். மூன்றாவது, வங்கி மேலாளர் பழைய கடன் பாக்கியைக் காட்டி மறுப்பது. நகைக்கடன், குழுக்கடன், வண்டிக்கடன் ஏதோ ஒன்று நிற்கும். நான்காவது மிகவும் வேதனையானது: கடன் ஒப்பளிப்பாகி, 10,000 அந்தக் கணக்கிலேயே இருக்கும் பழைய பாக்கிக்குப் பிடித்தமாவது. அந்தப் பெண் மாதம் 880 கட்டுவாள். மண்டிக்கு ஒரு ரூபாயும் போயிருக்காது. வேறு பாக்கி இல்லாத கணக்கை விண்ணப்பத்திலேயே கொடுத்துவிட வேண்டும் என்பதை கடன் முகாம் மேசையில் இருப்பவர் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் அடியில் கிடப்பது கணக்கெடுப்பு. 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுக்க வேண்டும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்தக் குழு உயிரோடு இருந்தால், யார் எந்த மூலையில் எத்தனை வருடமாக விற்கிறார் என்று அதிகாரி தேடிப்போக வேண்டியதில்லை. குழு இல்லாத இடத்தில் வியாபாரி நகராட்சியைப் பார்ப்பது வண்டியைப் பறிக்கும் கையாகத்தான். 2020 மே மாதம் வாணியம்பாடியில் நகராட்சி ஆணையரே பழ வண்டியைக் கவிழ்த்த காட்சி நாடு முழுவதும் ஓடியது. அடுத்த மாதம் அதே போன்ற அலுவலகங்களின் படியேறித்தான் ‘நான் வியாபாரி’ என்று கடிதம் கேட்க வேண்டியிருந்தது. பயந்து போகாமல் விட்டவர்களை எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது.

லாட்ஜ் தெருக்கள்

காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, தோட்டப்பாளையம், காகிதப்பட்டறை பக்கத்துச் சிறுதொழில் முழுக்க சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் வெளிமாநில நோயாளிகளை நம்பியது. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசத்திலிருந்து வந்து வாரக்கணக்கில் தங்குவார்கள். லாட்ஜ், வங்காளச் சாப்பாட்டுக் கடை, அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குத் தருபவர், டிக்கெட் எடுத்துத் தருபவர், ஜெராக்ஸ், ஆட்டோ எல்லாம் ஒரே சங்கிலி. ஊரடங்கில் நோயாளிகள் இங்கேயே சிக்கிக்கொண்டார்கள். கையில் காசு தீர்ந்தவர்களிடம் வாடகை கேட்க முடியவில்லை. 2020 மே தொடக்கத்தில் காட்பாடியிலிருந்து ஜார்க்கண்டுக்குச் சிறப்பு ரயில் கிளம்பியது. அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தது நல்லது. ஆனால் தெருக்கள் காலியாகின. மற்ற கடைகளுக்கு ஊரடங்குத் தளர்வோடு வியாபாரம் திரும்பியதுபோல் இங்கே திரும்பவில்லை, ரயில் ஓட ஆரம்பிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒன்றிய அரசின் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் 2020 மே மாதம் வந்தது. 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் கூடுதலாக, அடமானம் இல்லாமல், நான்கு ஆண்டில் அடைக்கும்படி, முதல் ஆண்டு அசல் கட்ட வேண்டாம் என்ற சலுகையோடு. 10 லட்சம் பாக்கி இருந்த லாட்ஜுக்கு 2 லட்சம். விருந்தோம்பல் தொழிலுக்கு 2021இல் அது 40 சதவீதம் ஆனது. ஆனால் கடனே வாங்காமல் சொந்தப் பணத்தில் நடத்திய சாப்பாட்டுக் கடைக்கு 20 சதவீதம் என்றால் பூஜ்யம். கடன்படாமல் வாழ்ந்தவருக்குக் கதவு இல்லை என்ற இந்த ஓட்டையை உள்ளூர் நிதியால்தான் அடைக்க முடியும். மாநகராட்சியின் வரவுசெலவில் அதற்கென்று ஒரு தலைப்பு இருந்ததில்லை.

மாநகராட்சியால் நேராகச் செய்ய முடிவது வரியும் வாடகையும். சொத்துவரி, குடிநீர்க் கட்டணத்துக்கு 2020 ஜூன் 30 வரை அவகாசம் தரப்பட்டது. அவகாசம் தள்ளுபடி ஆகாது. ஜூலையில் மொத்தமாக வந்து நிற்கும். மாநகராட்சிக் கடைகளின் வாடகையைத் தள்ளுபடி செய்யும்போது கவனிக்க வேண்டியது உள்வாடகை. ஏலம் எடுத்தவர் பெயரில் ஒப்பந்தம் இருக்கும், கடையில் உட்கார்ந்திருப்பவர் வேறு. தள்ளுபடி கேட்பு நோட்டீசில் ஏலதாரருக்குக் குறையும். உள்ளே இருப்பவர் முழு வாடகையையே கொடுப்பார். கடையின் தொழில் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று சரிபார்த்து, அவருடைய ஒப்புதல் கையெழுத்தோடு தள்ளுபடியைப் பதிந்தால் பயன் சரியான ஆளுக்குப் போகும். உள்வாடகை ஒப்பந்தத்துக்கு மீறலே என்றாலும், கொள்ளைநோய்க் காலம் அதைத் தண்டிக்கும் காலம் அல்ல.

கிராமத்தில் இருந்த ஒரு பிடிப்பு நூறுநாள் வேலை. 2020 ஏப்ரலில் நாள் கூலி 229இலிருந்து 256 ரூபாயாக உயர்ந்தது. ஊராட்சிச் செயலரும் மகளிர் குழுக் கூட்டமைப்பும் இருந்ததால் தலைவர் இல்லாமலும் பணி அட்டைகள் ஓடின.

வார்டு ஏடு

அடுத்த முறைக்கு வேண்டிய ஏடு பெரிய மென்பொருள் எதுவும் இல்லை. வார்டுக்கு ஒரு நோட்டு, தெருவுக்கு இரண்டு பக்கம். வீட்டு எண், ரேஷன் அட்டை வகை, அட்டை எந்தக் கடையில், ஓடுகிற கைபேசி எண், தொழில், வாரியப் பதிவு புதுப்பித்த ஆண்டு, ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு உண்டா, வீட்டில் படுக்கையில் இருப்பவர் உண்டா. கடைகளுக்குத் தனிப் பக்கம்: ஒப்பந்தக்காரர், உண்மையில் நடத்துபவர், வேலையாட்கள் எத்தனை பேர். நடைபாதைக்கு இன்னொரு பக்கம்: இடம், நேரம், பொருள், எந்த ஊரிலிருந்து வருகிறார். கணக்கு எண்களை எழுதக் கூடாது, உண்டு இல்லை என்று மட்டும்; தொலைந்தால் யாருக்கும் கேடு வரக் கூடாது.

எழுதுவதற்கு வார்டின் மகளிர் குழுக் கூட்டமைப்பைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. சரிபார்க்க வேண்டியது பில் கலெக்டரும் சுகாதார ஆய்வாளரும். கையெழுத்து கவுன்சிலருடையது. 2022 தேர்தலில் 60 வார்டுக்கும் கவுன்சிலர் வந்துவிட்ட நிலையில், 2020இல் இல்லாத அந்தக் கையெழுத்து கிடைக்கும். திருத்தும் வேலையைப் பொங்கல் டோக்கன் நாட்களில் வைத்துக்கொள்வது நல்லது. எப்படியும் அப்போது ஒவ்வொரு வீட்டுக் கதவும் தட்டப்படுகிறது. தெருவோர வியாபாரிகள் பக்கத்தை மட்டும் தனியே, விடியற்காலை ஐந்து மணிக்கு மார்க்கெட்டில் நின்று எழுத வேண்டும். அலுவலக நேரத்தில் போனால் கீரை விற்கும் பெண்கள் ஊருக்கு பஸ் ஏறியிருப்பார்கள்.